சல்லிவனின் பாடல்களைப் பழைய ரிக்கார்டுகளில் கேட்கத் தொடங்குவது எப்படி?

1888 அக்டோபர் 5. தெற்கு லண்டனில் அப்பர் நார்வுட் பகுதியில் ஒரு வீட்டில் இரவு விருந்து. வீட்டுக்காரர் கர்னல் ஜார்ஜ் கூரோ, தாமஸ் எடிசனின் லண்டன் பிரதிநிதி. எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தின் நினைவாகத் தன் வீட்டுக்கு 'லிட்டில் மென்லோ' என்று பெயர் வைத்திருந்தவர். எடிசன் புதிதாகச் செம்மைப்படுத்தி அனுப்பிய, ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைக்கும் போனோகிராஃப் கருவியைக் காட்டுவதற்குத்தான் அந்த விருந்து. சாப்பாடு முடிந்ததும் விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கருவியின் முன் வந்து எடிசனுக்கு நாலு வார்த்தை பேசினார்கள். அவர்களில் ஒருவர் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவன். இரண்டு நாள் முன்புதான், அக்டோபர் 3 அன்று, அவருடைய 'தி யோமன் ஆஃப் தி கார்ட்' ஆபரா சவாய் தியேட்டரில் முதன்முதலாக அரங்கேறியிருந்தது. முதல் நாள் இசைக்குழுவை நடத்தியதும் அவரே.

அந்தப் பேச்சு மெழுகு உருளையில் பதிந்து இன்றும் இருக்கிறது. இந்தக் கருவியைக் கண்டு தான் வியந்துபோனதாகவும், கொஞ்சம் கதிகலங்கியதாகவும் சல்லிவன் சொல்கிறார். வியப்பு, எடிசன் கைவரப்பெற்ற ஆற்றலை நினைத்து. கலக்கம், எத்தனையோ மோசமான, கேட்கச் சகிக்காத இசையெல்லாம் இனி என்றைக்கும் அழியாமல் நின்றுவிடுமே என்று நினைத்து.

நான் இந்த இசைக்குள் வந்தது அந்தக் குரல் வழியாகத்தான். அதனால் புதிதாக வருகிறவர்களையும் அதே வாசல் வழியாகவே அழைக்கிறேன். நூறு வருஷத்துக்கு மேல் பழசான ரிக்கார்டைக் கேட்பதற்குக் காதைக் கொஞ்சம் பழக்கவேண்டியிருக்கிறது. சரியான வரிசையில் கேட்டால் அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வரிசை தெரியாமல், கிடைத்ததை எடுத்துக் கேட்டால் 'ஒரே கரகரப்பு' என்று மூடிவைத்துவிடுவோம். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது.

முதல் படி: ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு முழுக்கத் தேவையில்லை. இவ்வளவு போதும்.

சல்லிவன் 1842 மே 13 அன்று லண்டனில் லாம்பெத் பகுதியில் பிறந்தார். அப்பா ராணுவ பேண்டு மாஸ்டர். அதனால் சின்ன வயதிலேயே பேண்டு வாத்தியங்கள் எல்லாம் பையனுக்குக் கைவந்திருந்தன. 14 வயதில் மெண்டல்சன் உதவித்தொகையை வென்று, பிறகு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படித்தார். சிம்ஃபனியும் தேவாலயப் பாடல்களும் எழுதிப் பேர் வாங்கியிருந்த அவரை, வசனமும் பாட்டும் எழுதும் டபிள்யூ. எஸ். கில்பர்ட்டுடன் சேர்த்து நிலைக்கவைத்தவர் நாடக நிர்வாகி ரிச்சர்ட் டாய்லி கார்ட். 1875-இல் 'ட்ரயல் பை ஜூரி'. 1878-இல் 'எச்.எம்.எஸ். பினஃபோர்', 571 தடவை மேடையேறியது. 1885-இல் 'தி மிக்காடோ', 672 தடவை. 1889-இல் 'தி கொண்டோலியர்ஸ்'. இருவரும் சேர்ந்து செய்தவை மொத்தம் 14.

இந்த ஆபராக்களுக்கென்றே டாய்லி கார்ட் 1881-இல் கட்டிய சவாய் தியேட்டர்தான் உலகிலேயே முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக்கட்டடம். அந்தத் தியேட்டரின் பெயரால்தான் இவற்றை 'சவாய் ஆபரா' என்றும் சொல்வார்கள்.

சல்லிவன் இறந்தது 1900 நவம்பர் 22. இசைக்குக் காவல் தெய்வமாகக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் புனித செசிலியாவின் திருநாள் அது. வயது 58. லண்டனில் கிராமபோன் கம்பெனி பதிவுக்கூடம் திறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பாடல்கள் ரிக்கார்டில் பெருகியதெல்லாம் அவருக்குப் பிறகுதான். ஆனால் அவர் கண்ணெதிரே மேடையில் பாடியவர்களில் சிலர், குரல் இருக்கும்போதே பதிவுக்கூடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். அவர்களைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாம் படி: வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய ரிக்கார்டில் பாதி எழுத்து காதில் விழாது. வரி கண்முன் இருந்தால், காது விட்டதைக் கண் எடுத்துக்கொடுக்கும். கில்பர்ட்டின் வரிகள் எல்லாம் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் பியானோவோடு சேர்ந்த முழுக் குறிப்பும் கிடைக்கும்.

கதையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த ஆபராக்களில் பாட்டுக்குப் பாட்டு நடுவே பேச்சு வசனம் நிறைய வரும். பழைய ரிக்கார்டுகளில் அந்த வசனத்தை விட்டுவிட்டுப் பாட்டுகளை மட்டும் பதிந்திருக்கிறார்கள். யார், யாரிடம், எதற்காகப் பாடுகிறார்கள் என்பது ரிக்கார்டிலிருந்து தெரியாது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'மிக்காடோ'வின் இரண்டு பாடல்களில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் வருகிறது. 1948-இல்தான் மேடையில் அந்த வரிகளை மாற்றினார்கள். அதற்கு முந்தைய பதிவுகளில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. ஜப்பானியர்கள் வேஷத்தில் வெள்ளைக்காரர்கள் நடித்த நாடகம் என்பதற்கே இன்று பலத்த எதிர்ப்பும் உண்டு. குழந்தைகளை வைத்துக்கொண்டு கேட்பதானால் வரிகளை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: குழாய்க்குள் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

1925 வரை பதிவுக்கூடத்தில் மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் அதன் வாய்க்கு நேராக நின்று பாடவேண்டும். குழாயின் மறுமுனையில் ஒரு மெல்லிய தகடு. குரலின் அதிர்வு தகட்டை ஆட்டும். தகட்டோடு சேர்ந்த ஊசி, சுழலும் மெழுகில் கோடு கிழிக்கும். பதிவு என்பது அவ்வளவுதான். மின்சாரம் எங்கேயும் இல்லை. பாடுகிறவரின் மூச்சு வலுவே ஊசியை நகர்த்தியது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வந்தன. அவற்றைத் தெரிந்துகொண்டால் பழைய பதிவு ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது விளங்கிவிடும்.

ஒன்று, அலைவரிசை. சுமார் 250 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் அந்தக் குழாய் ஒழுங்காகப் பிடித்தது. 'ஸ', 'ஷ' ஒலிகளின் கூர்மை அதற்கு வெகு மேலே இருக்கிறது. அதனால் அவை கிட்டத்தட்ட முழுதாகவே மறைந்துபோகும். கனத்த கீழ் ஒலிகளும் அப்படியே. ஆண் குரல், குறிப்பாக டெனார் என்ற உயர்ந்த ஆண்குரல், நன்றாக விழும்.

இரண்டு, இசைக்குழு. சல்லிவனின் சவாய் இசைக்குழு முப்பது பேர் அளவில் இருந்தது. அத்தனை பேரையும் ஒரு குழாய் முன் நெருக்கி உட்காரவைக்க முடியாது. வயலின் ஒலி குழாய்க்குப் போதவில்லை. அதனால் வயலினில் மரப்பெட்டிக்குப் பதில் தகடும் குழாயும் பொருத்திய 'ஸ்ட்ரோ வயலின்' என்ற ஒன்றை லண்டனில் உருவாக்கினார்கள். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்க வேண்டிய இடத்தில் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதினார்கள். ஆக, நீங்கள் கேட்கப்போவது சல்லிவன் எழுதிய வாத்தியச் சேர்க்கை இல்லை. பித்தளை பேண்டு வாசனை தூக்கலாக இருப்பதைக் கேட்டு அவர் அப்படித்தான் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். சவாய்க்கு அவர் எழுதிய வாத்தியச் சேர்க்கை மெல்லியது. 'யோமன்' வரும்வரை பாசூன் என்ற கீழ்க்குரல் மரக்குழல் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டுதான் அத்தனை குறும்பும் செய்தார். அந்த ஆபராவுக்குத்தான் இரண்டாவது பாசூனும் மூன்றாவது ட்ராம்போனும் கேட்டு வாங்கினார்.

மூன்று, நேரம். ஆரம்பகால மெழுகு உருளையும் ஏழு அங்குலத் தட்டும் இரண்டு நிமிஷத்தைச் சுற்றியே ஓடும். பிறகு வந்த பத்து அங்குலத் தட்டு மூன்று நிமிஷம், பன்னிரண்டு அங்குலம் நாலு நாலரை. 'எ வாண்டரிங் மின்ஸ்ட்ரெல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் பாடித் திரியும் பாடகன், 'உங்களுக்கு எந்த ரகம் வேண்டும்?' என்று கேட்டு, உருக்கம், தேசபக்தி, கப்பல்காரர் பாட்டு என்று ஒவ்வொன்றாகப் பாடிக்காட்டி, கடைசியில் தொடங்கிய தாலாட்டு மெட்டுக்கே திரும்புவான். அந்தச் சுற்று முழுக்க ஏழு அங்குலத்தில் அடங்காது. வெட்டித்தான் பதியவேண்டும். ஒரு பாட்டு சட்டென்று முடிந்துவிட்டால் வரிகளைப் பாருங்கள், நடுவில் எது போயிற்று என்று தெரியும்.

தட்டுகள் எதனால் ஆனவை என்பதும் நமக்குத் தொடர்புள்ளதுதான். ஷெல்லாக் என்பது அரக்கு. மரத்தில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். உலகம் முழுக்க ஓடிய 78 ரிக்கார்டுகளுக்கு (நிமிஷத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில் வந்த பெயர்) அது பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்துதான். அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்தித் தட்டு செய்வார்கள். கரகரப்புக்குப் பெரிய காரணம் அந்தக் கல்தூள்.

நான்காம் படி: எங்கே கேட்பது

எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. எடிசன் கம்பெனி உருளைகளுக்கு சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உருளைப் பதிவுக் காப்பகம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளை ஏற்றியிருக்கிறார்கள். விக்டர் கம்பெனியின் அமெரிக்கத் தட்டுகளுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்'. இங்கிலாந்துத் தட்டுகளுக்கு இன்டர்நெட் ஆர்கைவில் தேடுங்கள். பாட்டின் பெயரோடு '78ஆர்.பி.எம்.' என்று சேர்த்துத் தேடினால் பலன் அதிகம். 1888 விருந்தின் உருளை நியூ ஜெர்சியில் எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்தில், இன்றைய தேசிய நினைவிடத்தில் இருக்கிறது. அந்த ஒலியும் இணையத்தில் கிடைக்கும்.

உரிமை பற்றிக் கேட்பார்கள். சல்லிவன் இறந்தது 1900-இல், கில்பர்ட் 1911-இல். இசையும் வரியும் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. அமெரிக்கச் சட்டப்படி 1923-க்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 வருஷம்தான்.

கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். காதுக்குள் வைக்கும் இயர்போனைவிட, காதை மூடும் ஹெட்போன் நல்லது. சத்தத்தைக் கூட்டினால் கரகரப்புதான் கூடும். குறைத்து வையுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது அடுத்த அறையில் பேசுவதை எப்படிக் கூர்ந்து கேட்போமோ அப்படிக் கேளுங்கள். ஒரு நிமிஷத்தில் மனசு மழையை ஒதுக்கிவிடும், பேச்சு மட்டும் வரும்.

ஐந்தாம் படி: ஒரே பாட்டை வேறுவேறு பதிவுகளில் கேளுங்கள்

இங்கேதான் நிதானிக்கவேண்டும். முழு ஆபராவைத் தொடாதீர்கள். 'தி லாஸ்ட் கார்ட்' என்ற ஒரே பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆபராப் பாட்டு இல்லை. வீட்டில் பியானோ பக்கத்தில் நின்று பாடும் தனிப்பாட்டு. அடிலெய்ட் ப்ராக்டர் என்ற பெண் கவிஞரின் கவிதை. ஆர்கன் முன் அலுப்போடு உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தபோது, தற்செயலாக விரலுக்கு ஒரு சுரக்கூட்டு அகப்படுகிறது. மனசின் வலியையெல்லாம் அது ஆற்றுகிறது. பிறகு எவ்வளவு தேடியும் அது திரும்பக் கிடைக்கவில்லை. மரணம் வந்துதான் அதை மறுபடி பேசவேண்டுமோ, சொர்க்கத்தில்தான் அதைக் கேட்பேனோ என்று கவிதை முடிகிறது.

சல்லிவனின் அண்ணன் ஃப்ரெட், நடிகர். 'ட்ரயல் பை ஜூரி'யில் நீதிபதியாக நடித்துச் சிரிக்கவைத்தவர். 1877 ஜனவரியில் அவர் சாகக் கிடந்தபோது, படுக்கைக்குப் பக்கத்தில் இரவு பகலாக உட்கார்ந்திருந்த தம்பி எழுதிய மெட்டு இது. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டின் தொடக்கம் வேறு மாதிரி விழும். முதல் அடியில் குரல் பெரும்பாலும் ஒரே சுரத்திலேயே நிற்கிறது. ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அலுத்துப்போனவன் பேசுகிற மாதிரி. அடியில் ஆர்கன் நடையில் சுரக்கூட்டுகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நகராத குரல், நகர்கிற அடித்தளம். பாட்டின் உணர்ச்சி முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது.

முதலில் 1888 பதிவு. ஆகஸ்ட் 14 அன்று லண்டன் பத்திரிகைக்காரர்களுக்கு போனோகிராஃபைக் காட்டியபோது கூரோ போட்டுக்காட்டியது இந்தப் பாட்டைத்தான். குரல் கிடையாது, கார்னெட்டும் பியானோவும் மட்டும். கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் தம்பி. அதன் நேரான, அடர்ந்த ஒலியை மெழுகு எளிதில் வாங்கிக்கொண்டது. பியானோ எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். முதல் தடவை மெட்டை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கார்னெட் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். அந்த முதல் அடியில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதும்போது வாசிப்பவர் ஒவ்வொரு ஊதலுக்கும் நாக்கைத் தட்டுவது கேட்கும். இசைப்பதிவுகளிலேயே நம்மிடம் வந்துசேர்ந்த மிகப் பழையவற்றில் ஒன்று இது. சல்லிவன் உயிரோடிருந்த காலத்துக் காற்று.

அடுத்து என்ரிகோ கரூசோ. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அந்த மாதம் 29-ஆம் தேதி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்ட நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் நடந்த கச்சேரியில் கரூசோ பாடியது இந்தப் பாட்டுதான். அதே வருஷம் விக்டர் கம்பெனிக்காகப் பதிவும் செய்தார். இத்தாலியக்காரர் நாவில் ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். கூம்புக் குழாய்க்கென்றே பிறந்த குரல் என்று இவரைச் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும். மரணத்தின் தேவதை வரும் கடைசிப் பகுதியில் இசைக்குழு முழுக்க எழும்ப, குரல் அதற்கு மேலே ஏறிப் போவதைக் கேளுங்கள். உச்சத்தைப் பாடும்போது பாடகர் குழாயிலிருந்து பின்னுக்குத் தள்ளி நிற்கவேண்டும். இல்லையென்றால் ஊசி எகிறி மெழுகைக் கெடுத்துவிடும். அப்படி விலகும்போது குரலில் கொஞ்சம் அறையின் காற்று கலக்கும். கூர்ந்து கேட்டால் அது பிடிபடும்.

மூன்றாவது கிளாரா பட். கான்ட்ரால்டோ என்ற கனத்த, தாழ்ந்த பெண்குரல், ஆறடிக்கும் மேல் உயரம். இந்தப் பாட்டை இங்கிலாந்து முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். பெண்குரலின் கீழ் வரிசையை இவர் எடுக்கும்போது, குழாய்க் காலத்துப் பதிவிலும் நெஞ்சு அதிரும்.

மூன்றையும் மூன்று நாள் கேளுங்கள். ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். மூன்றாம் நாள் திரும்ப 1888-க்கு வாருங்கள். முதல் நாள் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் இப்போது மெட்டு நிற்கும்.

ஆறாம் படி: ஆபராவுக்குள் நுழையலாம்

இங்கே பலர் நேராக வேகப்பாட்டுகளுக்குப் போய்விடுகிறார்கள். 'நவீன மேஜர் ஜெனரல்' பாட்டு அத்தனை பிரபலம். ஆனால் மூச்சுவிடாமல் சொல்லடுக்கிப் பாடும் அந்த வகைப் பாட்டுகளின் உயிர் மெய்யெழுத்துகளில் இருக்கிறது. குழாய் முதலில் விழுங்குவது மெய்யெழுத்துகளைத்தான். அதை 1925-க்குப் பிறகு மைக் வைத்துச் செய்த மின்முறைப் பதிவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க் காலத்துக்கு டெனார் பாட்டுகள்தான் தோது. 'கொண்டோலியர்ஸ்' ஆபராவில் வரும் 'டேக் எ பேர் ஆஃப் ஸ்பார்க்லிங் ஐஸ்' நல்ல தொடக்கம்.

யார் குரலில் கேட்பது? சல்லிவனின் நேரடித் தலைமையில் பாடியவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஸ்காட் ரஸ்ஸல் என்ற டெனார், 1893-இன் 'உடோப்பியா, லிமிடெட்'டிலும் 1896-இன் 'தி கிராண்ட் ட்யூக்'கிலும் முதல் நடிகர் குழுவில் இருந்தவர். பெர்லினர் கம்பெனியின் ஏழு அங்குலத் தட்டுகளில், நூற்றாண்டு முடியும் முன்பே பதிந்தவர். வால்டர் பாஸ்மோர், அதே இரு ஆபராக்களிலும் நகைச்சுவைப் பாத்திரம் ஏற்றவர், 1900-லிருந்து நிறையவே பதிந்திருக்கிறார். எல்லாரையும்விட முக்கியமானவர் ரிச்சர்ட் டெம்பிள். 1885-இல் முதல் மிக்காடோ, அதாவது நாடகத்தின் ஜப்பான் பேரரசர், அவர்தான். 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' லண்டன் அரங்கேற்றத்தில் கொள்ளைக்காரர் தலைவனும் அவர்தான். ஐம்பது வயது தாண்டிய பிறகு சில தட்டுகள் பாடிவைத்தார். குரல் தளர்ந்திருக்கும். ஆனால் எந்தச் சொல்லில் நிற்கவேண்டும், எதைக் கடந்துபோகவேண்டும் என்று அந்தப் பாட்டை உண்டாக்கியவர்களிடமே கற்றுக்கொண்ட ஆள். அந்த நிறுத்தங்களுக்காகக் கேளுங்கள்.

சல்லிவன் மெட்டுப் போடும்போது முதலில் தாளத்தைத்தான் தீர்மானிப்பார். கில்பர்ட்டின் வரியை எத்தனை விதமான தாள நடையில் நிறுத்தலாம் என்று குறித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் சுரம். இசையை வார்த்தையின் முதுகில் ஏற்றுகிற அந்த வழக்கத்தால்தான் நிறுத்தங்களுக்கு இவ்வளவு மதிப்பு.

தனிப்பாட்டுகள் பழகியதும் 'மிக்காடோ'வை எடுங்கள். கிராமபோன் கம்பெனி 1906-இல் அந்த ஆபராவைக் கிட்டத்தட்ட முழுதாகப் பல தட்டுகளில் பதிந்தது. 'சல்லிவன் ஆபராட்டிக் பார்ட்டி' என்ற பெயரில் ஸ்டூடியோ பாடகர்கள் பாடினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பீட்டர் டாசன் அவர்களில் ஒருவர். பிறகு 1917-இல் எச்.எம்.வி., ரிச்சர்டின் மகன் ரூபர்ட் டாய்லி கார்ட்டின் ஒப்புதலோடு புதிதாகப் பதியத் தொடங்கியது. அதில் மிக்காடோவாகப் பாடியவர் ராபர்ட் ராட்ஃபோர்ட், பெரிய கச்சேரிப் பாடகர். மின்முறை வந்ததும் 1926-இல் திரும்பவும் பதிந்தார்கள். இந்தத் தடவை டாய்லி கார்ட் கம்பெனியின் மேடை நடிகர்களே வந்தார்கள். ஹென்றி லிட்டன் கோ-கோ, டாரல் ஃபான்கோர்ட் மிக்காடோ.

இந்த மூன்றிலும் 'ஐ ஆம் ஸோ ப்ரௌட்' என்ற மூவர் பாட்டை மட்டும் எடுத்துக் கேளுங்கள். யார் தலையை வெட்டக்கொடுப்பது என்று மூன்று பேர் நழுவிக்கொண்டு பாடும் இடம். முதலில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மெட்டில், வேறுவேறு வரிகளைப் பாடுவார்கள். பிறகு மூன்று மெட்டும் ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். ஒன்றுக்கொன்று இடிக்காது. சல்லிவனின் கைவேலை அது. அவருக்கு மிகவும் பிடித்த வித்தையும்கூட. குழாய்ப் பதிவில் மூவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பதால் ஒரே கொத்தாகக் கேட்கும். 1926-இல் அவர்கள் பிரிந்து நிற்கிறார்கள், ஒவ்வொருவர் பின்னாலும் தனித்தனியாகப் போய்வரலாம்.

பாட்டின் கடைசி நாலு வரிகளைத் தவறவிடாதீர்கள். 'சிட் இன் சாலம் சைலன்ஸ்' என்று தொடங்கி, 'ஷார்ட், ஷார்ப் ஷாக்' என்று வேகமாக அடுக்கிக்கொண்டே போகும். மூன்று பேரும் ஒரே மெட்டில் மிக வேகமாகச் சேர்ந்து பாடுவார்கள். வரி முழுக்க 'ஸ'வும் 'ஷ'வும்தான். பழைய பதிவுகளில் அந்த இடத்தில் 'இட்...ஆலம்...ஐலன்' என்று உயிரெழுத்து மட்டும் உருள்வதைக் கேட்டுவிட்டு, உடனே 1926-ஐப் போடுங்கள். நாக்கும் பல்லும் அறைக்குள் வந்துவிடும். மின்முறைப் பதிவு என்ன செய்தது என்று நூறு பக்கம் படிப்பதைவிட அந்தப் பத்து நொடி தெளிவாகச் சொல்லும்.

ஏழாம் படி: வேகத்தைச் சந்தேகப்படுங்கள்

'78 ரிக்கார்டு' என்று சொன்னாலும், ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் நிமிஷத்துக்கு 78 சுற்றில் பதிந்தவை அல்ல. 70-லிருந்து 80 வரை எப்படியும் இருக்கும். 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் கிட்டத்தட்ட ஒரு அரைச்சுரம் சுருதி ஏறும். பாடுகிறவருக்குத் தொண்டை சுருங்கிய மாதிரி இருக்கும், பாட்டும் ஓட்டமாக ஓடும். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. 'அந்தக் காலத்து ஆட்கள் மூக்கால் பாடினார்கள்' என்று நாம் நினைப்பதில் பாதி இந்த வேகக் கோளாறு.

சரிசெய்வது எளிது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும் வசதி இருக்கிறது. ஐந்து சதவீதம் குறைத்துப் பாருங்கள். குரல் மனுஷக் குரலாக இறங்கி உட்காரும் இடம் காதுக்கே தெரியும். அச்சான இசைக்குறிப்போடு சுருதியை ஒப்பிடலாம். ஆனால் 'லாஸ்ட் கார்ட்' மாதிரியான தனிப்பாட்டுகள் உயர்ந்த குரல், தாழ்ந்த குரல் என்று பல சுருதிகளில் அச்சானவை. அங்கே குறிப்பை நம்புவதைவிடக் காதை நம்புவது மேல். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று வடிகட்டியை அழுத்திவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கொஞ்ச 'ஸ'வும் அதோடு போய்விடும்.

எட்டாம் படி: சொந்தமாகத் தட்டு வாங்க ஆசை வந்தால்

வரும். எனக்கும் வந்தது. இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய 'மிக்காடோ' தட்டு ஒன்று உறைக்குள் இரண்டாகப் பிளந்தபடி வந்துசேர்ந்தது. அனுப்பியவர் இரு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய அட்டை வைத்ததோடு சரி. அரக்குத் தட்டு கண்ணாடி மாதிரி. வாங்கும்போதே, தட்டைவிடப் பெரிய கெட்டி அட்டை இரண்டு பக்கமும் வைத்து, பெட்டிக்குள் அசையாமல் கட்டச் சொல்லுங்கள்.

பின்னால் வந்த எல்.பி. தட்டுகளை ஓட்டும் முள்ளால் 78-ஐ ஓட்டாதீர்கள். 78-இன் பள்ளம் மூன்று மடங்கு அகலம். அதற்கென்று தனி முள் உண்டு, 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேட்டு வாங்கவேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் வாசிக்கும். பழைய கை சுற்றும் கிராமபோனில் ஓட்ட ஆசைப்பட்டால், எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். அரிய தட்டை அதில் ஓட்டவே வேண்டாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பள்ளம் தேயும்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். லேசான சோப்பு நீர், மெல்லிய துணி, நடுவில் உள்ள லேபிள் நனையாமல். புத்தகம் மாதிரி நிறுத்திவையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மெழுகு உருளை கைக்கு வந்தால் வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள். இரண்டு விரலை உள்ளே விட்டு, விரித்துப் பிடித்துத் தூக்குங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் ரொம்ப வேகமாகப் பிடிக்கும்.

தட்டு கைக்கு வந்ததும், நடு லேபிளுக்குப் பக்கத்தில் மொழுமொழுவென்றிருக்கும் வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில எண்ணும் எழுத்தும் பொறித்திருக்கும். கம்பெனியின் பதிவு எண் அது. அதை இணையத்தில் உள்ள ரிக்கார்டுப் பட்டியல்களில் தேடினால் பதிந்த நாள், ஊர், பல சமயம் எந்தெந்த வாத்தியங்கள் என்பதுவரை கிடைக்கும். லேபிளில் 'இசைக்குழுவோடு' என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டுத் தட்டை மறுபடி போடுங்கள். டபுள் பேஸ் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது டியூபாவாக இருக்கும்.